தாழி: ஒரு சொல்லும் ஒரு கலமும்

'வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் தெஹிவளையில் காலி வீதிக் கடையொன்றில் எருமைத் தயிர் வாங்கும்போது ஒருவரும் தாழி என்று கேட்பதில்லை, சட்டி என்றுதான் கேட்கிறோம். ஊறுகாய்க்குச் சாடி, தண்ணீருக்குக் குடம், கள்ளுக்கு முட்டி. அடுக்களையை விட்டுப் போன தாழி பழமொழியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தொல்லியலாளரிடமோ அது ஈமச்சொல்: இறந்தவரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெரிய மண்கலம்.

பழந்தமிழில் இந்தப் பிரிவு இல்லை. வாயகன்ற பெருங்கலம் எதுவானாலும் தாழிதான். அதில் தயிர் கடைந்தார்கள், குவளைப் பூ வளர்த்தார்கள், இறந்தவரையும் இட்டார்கள். புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் குயவனிடம் பேசுகிறார். மாண்டவன் சோழன் கிள்ளிவளவன். அவன் புகழுக்கு ஏற்ற தாழி வனைய வேண்டுமானால் நிலமே சக்கரமாகவும் மேருமலையே மண்ணாகவும் வேண்டும், உன்னால் முடியுமா என்கிறார். 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் தன்னையும் சேர்த்து அடக்கும் அளவுக்கு அகலமாக வனையச் சொல்கிறாள். சாவு வீட்டின் முதல் சொல் குயவனை நோக்கிப் போன காலம் அது. மணிமேகலை, பிணத்தை அடக்கும் ஐந்து முறைகளைச் சொல்லும்போது தாழியால் கவிப்பதையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது.

அந்தப் பொருளை இலங்கையில் பார்க்கப் பொம்பரிப்புக்குப் போகவேண்டும். புத்தளத்துக்கு வடக்கே, இன்று வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் இடம். 1924இல் ஹோகார்ட் அங்கே தோண்டினார். 1956-57இல் பி. ஈ. பி. தெரணியகல, 1970இல் விமலா பெக்லியின் குழு. தாழிகளுக்குள் முழு உடல்கள் இல்லை. தசை கழிந்த பிறகு பொறுக்கிச் சேர்த்த எலும்புகள், ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவருடையவை. கூடவே சிறு கலங்கள், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமானவை. சூளையில் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும், தீயும் காற்றும் படும் வெளிப்புறம் சிவக்கும் என்பது பொதுவான விளக்கம்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர், பிறகு அலெக்சாந்தர் ரீ தோண்டிய இடம். இரண்டு இடத்துத் தாழி அடக்கங்களுக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர் பலர் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து, புதைக்கப்பட்டவர் எந்த மொழி பேசினார் என்று உடனே தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கலத்தின் வடிவம் வழக்கத்தைச் சொல்லும், வீட்டில் பேசிய மொழியைச் சொல்லாது. பழைய ஈமக்குழி எல்லாவற்றுக்கும் தாழி என்று பெயரிடுவதும் தவறு. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் கண்டது நிலத்தில் நீட்டிக் கிடத்திய உடல்.

தென்தமிழ்நாட்டு ஊர்களில் எலும்பு இட்ட தாழிக்கு 'மதமதக்கத் தாழி' என்று பெயர். பாடநூலில் வரும் 'முதுமக்கள் தாழி' என்ற பெயரின் திரிபாக இருக்கவேண்டும். பெயரோடு கதையும் வளர்ந்தது: சாவே வராத கிழவர்களைச் சோற்றோடும் விளக்கோடும் தாழிக்குள் வைத்தார்களாம். இதை நம்ப என்னால் முடியவில்லை. பொறுக்கிச் சேர்த்த எலும்பு கதைக்கு எதிராக நிற்கிறது. புறநானூறு 228இல் பேசப்படுபவன் மாண்ட அரசன், 256இல் தாழியில் இடம் கேட்பவள் கணவனை இழந்தவள். உயிரோடு விடப்பட்ட கிழவர் இரண்டிலும் இல்லை.

சொல் போனாலும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. பொரளைக் கனத்தை மயானத்தில் கொள்ளி வைப்பவர் தோளில் தண்ணீர்க்குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து ஒருவர் குடத்தில் கத்தியால் கொத்தித் துளை போடுகிறார். பிறகு காடாற்று. எரிந்து ஆறிய எலும்பைப் பாலும் தண்ணீரும் தெளித்துப் பொறுக்கி, முட்டியில் இட்டுத் துணியால் வாய்கட்டிக் கடலுக்குக் கொண்டுபோகிறோம். பொம்பரிப்பின் நேரடித் தொடர்ச்சி இது என்று சொல்லவரவில்லை. ஆனால் எலும்பைச் சேர்த்து மண்கலத்தில் இடும் கை வேலை நமக்கு அந்நியமில்லை.

ஆகவே பொம்பரிப்பைப் பற்றி எழுதும்போது நான் ஈமத்தாழி என்றே எழுதுகிறேன். பாடநூலில் முதுமக்கள் தாழி என்றே இருக்கட்டும். ஆனால் அங்கே முதுமக்கள் என்றால் முன்னோர் என்று ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும். கிழவரைக் கைவிட்ட கலம் என்ற கதை அந்தச் சொல்லோடு இனியும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.