பூ (சொல்)

பூ என்பது மலரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆகும். ஓரெழுத்தே சொல்லாகிப் பொருள் தருவதால் இது ஓரெழுத்து ஒருமொழி எனப்படுகிறது. இத்தகைய சொற்கள் 42 என நன்னூல் கூறுகிறது. பூத்தல் என்னும் வினைக்கும் இதுவே அடியாகும். தென்காசி, குற்றாலம் போன்ற நெல் விளையும் பகுதிகளில் இச்சொல் வயலின் விளைச்சலையும் குறிக்கும்.

சொற்பிறப்பு

இது திராவிட மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான சொல் ஆகும். மலையாளத்தில் பூ, பூவு என்றும், துளுவில் பூ என்றும், தெலுங்கில் பூவு, புவ்வு என்றும் வழங்குகிறது. பழங்கன்னடத்தில் பூ என இருந்தது, பிற்காலத்தில் ஹூ, ஹூவு எனத் திரிந்தது. பால் என்னும் சொல் கன்னடத்தில் ஹாலு ஆனதும் இதே மாற்றத்தினால் ஆகும்.

பூசை என்னும் சொல் "பூ செய்" என்பதிலிருந்து தோன்றியது என்பது ஒரு கருத்து. பூசுதல் என்னும் வினையிலிருந்து தோன்றியது என்பது சார்பென்டியரின் கருத்து. இவை இரண்டும் முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை.

ஜெர்மானிய மொழிகளுடன் ஒப்பீடு

ஜெர்மன் மொழியின் புளூமெ, டச்சு மொழியின் புளூம், ஆங்கிலத்தின் புளூம் ஆகியவை ஒரே பழஞ்சொல்லின் வழி வந்தவை. இலத்தீனில் மலரைக் குறிக்கும் புளோஸ் என்பதும் இவற்றுக்கு உறவுடையது. பழைய ஆங்கிலத்தில் புளோமா என்பது உலோகக் கட்டியைக் குறித்தது. மலர் என்னும் பொருள் ஸ்காண்டிநேவிய மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இவை இந்தோ-ஐரோப்பியச் சொற்கள். தமிழ்ப் பூவுடன் பிறப்புத் தொடர்பு உடையவை அல்ல.

பொருள்கள்

மலரின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. தோன்றுவது அரும்பு, விரியும் நிலையில் இருப்பது போது, விரிந்தது மலர், உதிர்ந்தது வீ, வாடியது செம்மல் ஆகும். பூ என்பது இவற்றுக்குப் பொதுப்பெயராக நிற்கிறது. மரம், கொடி, நீர், நிலம் என்னும் இடம் பற்றிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனப் பூக்கள் நால்வகைப்படும்.

துருவிய தேங்காய் தேங்காய்ப்பூ எனப்படுகிறது. கண்ணில் தோன்றும் வெண்புள்ளியைப் பூ விழுதல் என்பர். பெண் பருவமடைதல் பூப்பு ஆகும். நெருப்பின் மேல் சாம்பல் படிவதும் பூத்தல் எனப்படும்.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில்

ஆண்டுக்கு ஒருமுறை விளையும் வயல் ஒருபூ நிலம், இருமுறை விளையும் வயல் இருபூ நிலம் ஆகும். பூத்த பின்னரே கதிர் மணி பிடிப்பதால் பூ என்பது விளைச்சலுக்கு ஆகி வந்தது எனக் கருதலாம்.

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு இவ்வட்டார வயல்களுக்கு நீர் தருகிறது. அருவிகள் பெருகும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கார் சாகுபடியும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பிசானச் சாகுபடியும் நடைபெறுகின்றன. மழை பொய்த்துக் கார் தவறினால், இருபூ நிலமும் அவ்வாண்டு ஒருபூ நிலமாகிவிடும். உழவரின் ஓராண்டு வருவாய் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

ஓணத்தின்போது இவ்வட்டாரத்திலிருந்து கேரளத்துக்கு மலர்கள் செல்கின்றன. அங்கு வீட்டு முற்றத்தில் இடப்படும் மலர்க்கோலம் பூக்களம் எனப்படுகிறது. மலையின் இருபுறமும் வழங்குவது ஒரே சொல்லே ஆகும்.

புணர்ச்சி

பூ என்பதன் முன் வல்லினம் வரும்போது அவ்வல்லெழுத்தோ அதன் இன மெல்லெழுத்தோ தோன்றும். எடுத்துக்காட்டாக, பூக்கொடி, பூங்கொடி என இருவகையாகவும் வழங்கும்.