உத்திரமேரூர் விமானத்தின் உட்படிகள்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வருவது இயல்பே. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் (பொ.ஆ. 919, 921) கண்டதும் ஊர் திரும்பிவிடுவோரே மிகுதி. அவற்றினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்த சுந்தரவரதப் பெருமாள் கோயிலும் இவ்வூரில்தான் இருக்கிறது. அதை ஏறித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நந்திவர்ம பல்லவமல்லன் காலத்துக் கோயில் இது. தளத்துக்கு ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே நின்ற திருக்கோலம், நடுவில் இருந்த கோலம், உச்சியில் கிடந்த கோலம். (இம்மன்னன் எடுத்த காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலில் வரிசை வேறு: இருந்து, கிடந்து, நின்று.) மேலுள்ள பெருமாள்களைச் சேவிக்க உட்படிகளே வழி. ஆகவே இங்கே படிக்கட்டும் வழிபாட்டின் உறுப்பாகிறது.

காஞ்சியில் சுவர்கள் மணற்கல். உத்திரமேரூரில் கருங்கல் அதிட்டானத்தின்மேல் செங்கல்லும் சுதையும். திருப்பணி செய்வோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதைத்தான். செங்கல் ஈரத்தை உறிஞ்சும், பின் வெளிவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த சுண்ணச்சாந்து அதற்கு வழிவிடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். சிமெண்ட் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைக்கிறது. உப்புப் பூக்கிறது, செங்கல் பொடிகிறது. வெளியே பூச்சு மட்டும் திடமாக நிற்பதால், கேடு கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். சுண்ணாம்பு இறுக வாரங்கள் ஆகும். குடமுழுக்கு நாளோ காத்திராது. நம் திருப்பணிகளில் சிமெண்ட் வென்ற கதை பெரும்பாலும் இந்த அவசரத்தின் கதைதான்.

இனிப் படிகள். தேய்ந்த படிமேல் மெருகேற்றிய கிரானைட் பலகை பதிப்பது இன்று ஊர்தோறும் நிகழ்கிறது. பலகையும் அடிச்சாந்துமாக ஒன்றரை அங்குலம் உயரும். எல்லாப் படிகளும் ஒரே அளவு உயர்ந்தால் என்ன குறை என்று தோன்றலாம். முதற்படி அந்த அளவு உயர்ந்துவிடும். கடைசிப் படி அந்த அளவு தாழ்ந்துவிடும். இருளில் ஏறும் கால் ஒரே அளவை எதிர்பார்த்தே அடியெடுத்து வைக்கிறது; இடறுவது இவ்விரண்டு இடங்களில்தான். விளக்கெண்ணெய் சிந்திய பளபளப்பில் ஈரமான வெறுங்காலுக்குப் பிடிப்பேது? தலைக்கு மேலுள்ள இடமும் குறைகிறது.

நம் வீட்டுக் கருங்கற்படி வழுக்கினால் அம்மி கொத்துவதுபோல் கொத்திக்கொள்ளலாம், பலகையே வேண்டாம். பல்லவர் காலப் படியில் உளி படலாகாது. உடைந்த விளிம்பை மட்டும் சுண்ணச்சாந்தால் நிரப்பி, சொரசொரப்பாகவே விட்டுவிடலாம். தேய்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ள முடியும். முதியோருக்குக் கைப்பிடி தேவையென்றால் மரத்தில் அமைத்து, சுவரைத் துளைக்காமல் தானே நிற்கும் சட்டத்தில் பொருத்தினால் போதும். பின்னாளில் எவரேனும் வேண்டாமென்றால் கழற்றி எடுத்துவிடலாம்.