பொடி வைத்து ஊதிய காலம் முதல்

சென்ற மாதம் பேரன் ஊமையாகிப்போன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் திருப்புலிவனத்துக்குக் கொண்டுவந்தான். "போர்டையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க தாத்தா." ஒரு சில்லுக்காக முழுப் போர்டையும் மாற்றுவதா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு 0.65 மில்லிமீட்டர்தான். என் கை நடுங்குகிற கை. கொஞ்சம் யோசித்தேன்.

சால்டரிங் நமக்குப் புதிதல்ல. நம் பொற்கொல்லர்கள் பற்றாசுப் பொடியும் வெங்காரமும் வைத்து, ஊதுகுழலால் ஊதி நகையைப் பற்றவைத்தார்கள். 'பொடி வைத்துப் பேசுவது' என்ற வழக்கும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'சூதே' என்று பெயர். திடமாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்து 'சால்டர்' பழைய பிரெஞ்சு வழியாகப் போனதே.

என் சிறுவயதில் வால்வு ரேடியோவின் உள்ளே விரல் நுழைய இடமிருந்தது. ஈயத்தைச் சூடாக்கிக் குறடால் இழுத்தால் பாகம் கையோடு வந்துவிடும். 1960களில் இரண்டு வரிசைக் கால்களோடு ஐ.சி. வந்தது. கால்களின் இடைவெளி 2.54 மி.மீ., அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துளையிலும் ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். 1980களில் நான் அவசரப்பட்டு ஒன்றைப் பிடுங்கியதில், போர்டின் செப்புத் தடமே உரிந்து வந்துவிட்டது. மெல்லிய கம்பி ஒன்றைப் பாலமாக வைத்துச் சமாளித்தேன். அன்று கற்ற பாடம்: ஈயம் முழுதாக உருகும்வரை இழுக்கக் கூடாது.

பிறகு துளையே இல்லாமல் போர்டின் மேலேயே ஒட்டும் பாகங்கள் வந்தன. 2006ஆம் ஆண்டு நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கைபேசி தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பழைய கலவை 183 டிகிரியில் உருகும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த புதியதற்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் வீட்டில் பழுது பார்ப்பவனுக்கு இடைவெளி சுருங்கியது, சூடு கூடியது.

அதற்கும் வழி உண்டு. கால்கள்மீது பிளக்ஸ் தடவி, பழைய ஈயத்தைத் தாராளமாக ஏற்றினால், இரண்டும் கலந்து குறைந்த சூட்டிலேயே உருகும். இரு வரிசையிலும் முனையை மாறி மாறி ஓட்டினால் சில்லு தானே நகரும். மிச்சத்தைச் செப்புப் பின்னலால் ஒற்றி எடுக்க வேண்டும். புதியதை எதிரெதிர் மூலைகளில் முதலில் பற்றவைத்து, பிளக்ஸ் போட்டு முனையை வரிசையோடு இழுத்தால் போதும். கால்களைச் சேர்த்துக்கொண்ட ஈயத்தைப் பின்னல் எடுத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், பேரன் செய்தான். இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டன, பிரித்தோம். ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டி பாடியது. "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.