துரை எழுதிய சீட்டு

1803இல் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் மாத்தளையிலே மக்டொவல் கோட்டையைக் கட்டினர். அதன் வாயில் இன்றும் மயானமொன்றின் நுழைவாயிலாக நிற்கிறது. 1815இல் கண்டி வீழ்ந்த பின்னர் இராணுவ அதிகாரிகள் பலர் நிருவாகிகளாகவும் காப்பித் தோட்டச் சொந்தக்காரர்களாகவும் மாறினர். 78ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் ஃபோர்ப்ஸ் மாத்தளையை நிருவகித்தவர். 1840இல் இலங்கை பற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார்.

இத்தகைய துரைமாரின் பங்களாக்களை அப்பு, சமையற்காரன், ஆயா, குதிரைக்காரன், தோட்டக்கூலி ஆகியோரே நடத்தினர். இடமாற்றம் பெற்றுச் செல்லும் அதிகாரி, தம் வேலைக்காரனைப் பற்றி மற்றோர் அதிகாரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். நேர்மையானவன், குடிப்பவன், சோம்பேறி என்று இரண்டொரு வரிகள்தாம். அவனது அடுத்த வேலை அந்த வரிகளிலேயே தங்கியிருந்தது. ஆனால் அதைச் சுமந்து சென்றவனுக்கோ பெரும்பாலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

துரைமாருக்கிடையே நிலவிய இவ்வழக்கம் பின்னர் சட்டமாயிற்று. 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் பதிவுக் கட்டளைச் சட்டம், பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவுப் புத்தகத்தை விதித்தது. வேலையிலிருந்து நீங்கும்போது எஜமான் அதிலே நடத்தை பற்றிக் குறிப்பெழுத வேண்டும். எஜமானைப் பற்றிப் பணியாளன் எழுத அதில் இடமில்லை.

அக்காலத்திலே நம்மவர்க்கு எழுத்து இல்லாமலில்லை. 1869இலேயே பாபா யூனுஸ் சல்தின் அரபு எழுத்தில் மலாய்ப் பத்திரிகை நடத்தினார். ஆயினும் பங்களாவின் பின்கட்டிலிருந்தோரின் குரல் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. துரைமாரின் கடிதங்களை ஆவணமெனப் போற்றுகிறோம். ஆனால் அவை ஒரு தரப்பின் வாக்குமூலம் மட்டுமே என்பதை மறந்துவிடலாகாது.

இது பழங்கதையன்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து நம் பெண்கள் பிறர் எழுதிய பத்திரங்களோடு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்று வருகின்றனர். 2005இல் சவூதி சென்ற மூதூர் ரிஸானா நபீக்கின் கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. குழந்தையொன்றின் மரணத்துக்காக அவருக்கு 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சம்பவ வேளையில் அவர் சிறுமியே என்ற முறையீடு அப்பத்திரத்தின் முன் எடுபடவில்லை.

திரும்பி வந்த தாய்மார் மாத்தளையின் ஊர்களிலும் வாழ்கின்றனர். அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதி வைப்பது நம் எழுத்தாளர்களின் கடமையாகும். நாளைய வரலாற்றாசிரியனுக்கு எஜமானின் சீட்டு மட்டும் கிடைத்தால் போதாது.