இருதய வால்வு சிகிச்சைக்குப் பின் தேகப்பயிற்சி

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் சத்திர வைத்தியர், பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸ் அமைத்த பந்து வால்வை மனித இருதயத்தில் பொருத்தி வெற்றி கண்ட காலமுதல், பிழைத்தோர் மீண்டும் ஓடியாடலாமா என்ற விசாரமும் எழுந்தது. பிளந்து இணைத்த மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள் செல்லுமாதலால், அதுவரை பாரம் தூக்குதலை விலக்கி, நடையொன்றையே நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டுவது உத்தமம். அதனை அற்பமென்று எண்ணுதல் தவறு. உலோக வால்வு பெற்றோர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் உட்கொள்ள நேர்வதால், தலையிற்படும் சிறு அடியும் உள்ளிரத்தக் கசிவாய் முடியக்கூடுமாகையால், குத்துச்சண்டை, கபடி, ரக்பி போன்றவை அவர்களுக்கு ஆகா. நீச்சல், மிதமான ஓட்டம் முதலியன வைத்தியர் சம்மதத்துடன் தகும். திசு வால்வு பெற்று அம்மருந்து தேவைப்படாதவர்க்கு இத்தடை பெரிதும் தளரும்.