அரிசியும் போறணையும்

ஈழத்துத் தமிழ் பேசுவோர் பாண் சுடும் அடுப்பினைப் போறணை என வழங்குவர். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் கல்முனை முஸ்லிம்களும் ஒருங்கே அறிந்த இச்சொல் தமிழ்ச் சொல்லன்று. அடுப்பைக் குறிக்கும் 'போர்ணு' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். பாண், குசினி, மேசை, அலுமாரி, பீப்பா முதலியனவும் அவ்வழி வந்தனவே. இச்சொற்களைக் கொணர்ந்த போர்த்துக்கேயர் அரிசியை 'அறோஸ்' என்பர். அவர்தம் அயலவராகிய ஸ்பானியரும் அவ்வாறே கூறுவர். அதுவோ ஐரோப்பியச் சொல்லன்று. 'அர்ருஸ்' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். எனவே, ஒரு சொல் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. மற்றொன்று கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. இவ்விரண்டும் ஒரே சட்டியிற் கூடும் உணவொன்று உண்டு. ஸ்பெயின் தேசத்து வலன்சியா மக்கள் காய்கறியும் கடலையும் கூட்டிப் போறணையில் வேகவைக்கும் சோறே அது. அச்சோற்றின் வரலாற்றை ஆராய்வோர், கல்முனைக் கரையின் வரலாற்றையும் அதனோடு சேர்த்து நோக்குதல் பொருத்தமாகும். ஏனெனில் அவ்விரு கரைகளையும் ஒரே முடியாட்சியின் ஆணைகள் தீண்டியுள்ளன.

அரிசி எனுஞ் சொல்லின் தோற்றம் பற்றி அறிஞர் தம்முள் மாறுபடுவர். கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், கிரேக்கர் வழங்கிய 'ஒறைஸா' என்பது தமிழின் அரிசியே எனக் கருதினார். பிற்கால ஆய்வாளர் பலர் அதனை வடமொழி 'விரீஹி' என்பதனோடும் பாரசீகச் சொற்களோடும் தொடர்புபடுத்துவர். மூலம் எதுவாயினும், அரிசி கீழைத் தேசத்துப் பொருள் என்பதிலும், அதனை ஐபீரியத் தீபகற்பத்தில் நிலைபெறச் செய்தோர் முஸ்லிம் உழவரே என்பதிலும் ஐயமில்லை. 711ஆம் ஆண்டில் அரபுப் படையினரும் பேர்பர் மக்களும் அத்தேசத்துட் புகுந்தனர். அவர்களுக்குப் பின் நெல், கரும்பு, குங்குமப்பூ ஆகியவற்றின் செய்கை அங்குப் பரவியது. கரும்பின் வெல்லத்தைக் குறிக்கும் 'அசூக்கர்', குங்குமப்பூவைக் குறிக்கும் 'அசஃப்ரான்', வாய்க்காலைக் குறிக்கும் 'அசேக்கியா' என்னும் ஸ்பானியச் சொற்கள் யாவும் அரபு மொழியின் வழிவந்தவை. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் இயற்றிய பெரும் வேளாண் நூலில் நெற்செய்கை விரிவாகக் கூறப்பட்டுள்ளது.

வலன்சியாவின் நெல்வயல்கள் 'அல்புஃபேரா' என்னும் களப்பின் கரையிற் பரந்து கிடக்கின்றன. அப்பெயரும் 'சிறுகடல்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லே. கடலை ஒட்டிய மணற்றிட்டு, அதன் பின்னே களப்பு, களப்பைச் சூழ்ந்து நெல்வயல் என்னும் இவ்வமைப்பு மட்டக்களப்புத் தெற்கை அறிந்தோர்க்குப் புதிதன்று. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் கடற்கரையில் நெருங்கி நிற்க, அவற்றின் மேற்கே சம்மாந்துறை வரையும் அதற்கப்பாலும் வயல்வெளி விரிந்து செல்வதைக் காணலாம். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்று நீரைத் தேக்கி அவ்வெளியைப் பின்னும் விரிவாக்கியது. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்துள் இவ்வூர்கள் அடங்கின.

நீரைப் பங்கிடும் முறையிலும் இவ்விரு நாடுகளுக்கும் ஒப்புமை உண்டு. வலன்சியாவில் வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் நீர்மன்றம் ஒன்று வியாழக்கிழமை நண்பகலிற் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலிற் கூடுகின்றது. அதன் நடுவர் சட்டம் பயின்றோரல்லர். எட்டு வாய்க்கால்களின் உழவர் தேர்ந்தெடுத்த உழவரே ஆவர். வழக்கு வாய்மொழியாகவே கேட்கப்பட்டு அவ்விடத்திலேயே தீர்க்கப்படும். பேராலயம் நிற்குமிடத்தில் முன்னர்ப் பள்ளிவாசல் இருந்ததென்றும், கோயிலினுட் புகாத முஸ்லிம் உழவர்க்காகவே மன்றம் வாயிலிற் கூடத் தொடங்கியதென்றும் கூறுவர். 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கல்முனைப் பகுதியில் இப்பணியைச் செய்தவர் வட்டை விதானை ஆவார். வயற்பரப்பின் ஒரு பிரிவு வட்டை எனப்படும். எந்நாளில் விதைப்பது, எவ்வாய்க்காலுக்கு எப்போது நீர் திறப்பது, வேலி கட்டாதவரை என் செய்வது என்பவற்றை அவர் கவனித்தார். 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் இத்தகைய மரபு முறைகளுக்குச் சட்டவலிமை அளித்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் பெயர் மக்கள் வழக்கினின்றும் மறையவில்லை.

இனி, அச்சோற்றினை நோக்குவோம். வலன்சியாச் சோறு எனின் உலகம் 'பயேயா' ஒன்றையே அறியும். அது திறந்த தீயின்மேல் அகன்ற தட்டையான சட்டியில் ஆக்கப்படுவது. பயேயா என்பதே அச்சட்டியின் பெயராகும். போறணைச் சோறு அதனின் வேறு. மட்சட்டியில் இட்டுப் போறணையுள் வைக்கப்படுவதால் அதற்கு 'அறோஸ் அல் ஓர்னோ', அதாவது போறணை அரிசி, என்று பெயராயிற்று. 'ஓர்னோ' என்பதும் நம் போறணையும் ஒரே இலத்தீன் மூலத்துப் பிள்ளைகள். அரபு மொழியில் அடுப்பைக் குறிக்கும் 'ஃபுர்ன்' என்பதும் அக்குடும்பத்ததே. வலன்சியாவை அடுத்த ஷாத்திவா என்னும் ஊர் இச்சோற்றுக்குப் பேர் பெற்றது. அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 12ஆம் நூற்றாண்டில் காகிதத் தொழிலுக்காகப் புகழ்ந்த ஊரும் அதுவே. முற்காலத்தில் வீடுதோறும் போறணை இல்லை. ஆதலின் மகளிர் சட்டியைக் கையிலேந்தி ஊர்ப் பாண்காரரின் போறணைக்குச் சென்று, வெந்தபின் மீட்டு வருவர். அதனால் 'உலாப்போன சோறு' என்னும் பொருள்பட ஒரு பெயரும் அதற்கு உண்டாயிற்று. வீட்டில் பிசைந்த மாவைப் பொதுப் போறணைக்கு அனுப்பும் வழக்கம் முஸ்லிம் ஸ்பெயினிலும் மொரோக்கோ நகரங்களிலும் நிலவியது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அதனை ஆக்கும் முறை எளிது. ஒலிவெண்ணெயில் உள்ளியையும் நறுக்கிய தக்காளியையும் வதக்கி, நிறத்துக்குச் சிவப்பு மிளகாய்த்தூளும் குங்குமப்பூவும் சேர்ப்பர். பின் அரிசியை இட்டுச் சிறிது புரட்டி, வெந்த கடலையைக் கலப்பர். அரிசி ஒரு பங்காயின், கடலையும் காய்கறியும் வெந்த கொதிநீர் இரு பங்கு. மேலே வட்டமாக அரிந்த உருளைக்கிழங்கையும் தக்காளியையும் பரப்பி, உரிக்காத முழு உள்ளிப்பூண்டு ஒன்றினை நடுவில் நாட்டுவர். ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தில் 20 முதல் 25 நிமிடத்தில் நீர் வற்றிச் சோறு பொலபொலவென நிற்கும். நீர் ஊற்றியபின் கிளறுதல் ஆகாது. நோன்புக் காலத்தில் ஊன் நீக்கிக் கடலையும் காய்கறியும் மட்டும் இட்டு ஆக்குவர். அப்போது நடுவிலுள்ள உள்ளிப்பூண்டையே 'கௌதாரி' என நகைச்சுவையாக அழைப்பர். இறைச்சி இல்லாத குறையை ஏழை மக்கள் பெயரினால் நிரப்பினர் போலும்.

கல்முனை இல்லமொன்றில் இதனைச் சமைத்தற்குத் தடையாதும் இல்லை. வலன்சியார் குறுகிய உருண்டை அரிசியையே கொள்வர். இங்குச் சம்பா அவ்விடத்தை நிரப்பும். பச்சையரிசியாயின் மேற்சொன்ன அளவு போதும். புழுங்கலாயின் நீரும் நேரமும் சற்றுக் கூடும். மின்போறணை இல்லாத வீட்டினர், கேக் சுடுதற்கு நம் மகளிர் நெடுங்காலம் கையாண்ட முறையையே கையாளலாம். சட்டியை மெல்லிய தணலின்மேல் வைத்து, தகட்டினால் மூடி, அம்மூடியின் மேலும் சிரட்டைத் தணலைப் பரப்பினால் மேலும் கீழும் சூடு பெற்று அதுவே போறணையாகிவிடும். புரியாணிக்குத் தம் போடும் கைக்கு இது புதிய வித்தையன்று. ஆக்கிய சோற்றைப் பலர் சுற்றியிருந்து ஒரே கலத்தில் உண்ணும் பண்பும் இருபாலும் உண்டு. வலன்சியார் பயேயாச் சட்டியை நடுவில் வைத்து, அவரவர் முன்னுள்ள பகுதியை மரக்கரண்டியால் உண்பர். இலங்கை முஸ்லிம்கள் கலியாணத்திலும் கந்தூரியிலும் சகனைச் சுற்றியமர்ந்து உண்பர்.

ஆயினும் இவ்வொப்புமைகளைக் கண்டு மகிழ்வதோடு அமைதல் வரலாறாகாது. வலன்சியாவின் வாய்க்காலை வெட்டி நெல்லை விளைத்த மக்கள் எங்கே என்னும் வினா எழுகின்றது. 1238ஆம் ஆண்டில் அரகன் மன்னன் முதலாம் ஜெயிம் வலன்சியாவைக் கைப்பற்றினான். நீர்ப்பங்கீடு முஸ்லிம்கள் காலத்தில் இருந்தவாறே தொடர்க என அவன் விதித்தான். உழவரும் நிலத்தில் நீடித்தனர். 1520களில் அவர்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்று 'மொறிஸ்கோ' என அழைக்கப்பட்டனர். அதன்பின் பன்றி இறைச்சியை உண்ண மறுப்பதே ஒருவரைச் சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப் போதிய ஐயமாயிற்று. 1609ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் மூன்றாம் பிலிப்பு மன்னனின் ஆணை வலன்சியாவிற் பறைசாற்றப்பட்டது. அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கப்பலேற்றப்பட்டு வட ஆபிரிக்கக் கரையில் இறக்கப்பட்டனர். ஊர்கள் பல வெறுமையாயின. உழுவாரின்றி நிலம் தரிசாயிற்று. பின்னர் வந்து குடியேறியோர் பழைய வாய்க்காலில் நீர் பாய்ச்சி, பழைய பெயரால் அரிசியை அழைத்து, அச்சோற்றைத் தமதாக்கிக்கொண்டனர். பன்றி இறைச்சி வடகங்கள் இன்று போறணைச் சோற்றில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவற்றை நீக்கிவிடின் எஞ்சுவன அரிசி, கடலை, உள்ளி, காய்கறி என்பனவே.

1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பானிய மன்னரின் தலையிலேயே இருந்தது. எனவே வலன்சியா உழவரை வெளியேற்றிய முடியும் அக்காலத்து இலங்கைக் கரையோரத்தை ஆண்ட முடியும் ஒன்றேயாம். மூன்றாம் பிலிப்பின் மைந்தன் நான்காம் பிலிப்பின் காலத்தில், 1626ஆம் ஆண்டில், போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அப்போது கொன்ஸ்தந்தீனு த சா என்பான் தளபதியாக இருந்தான். கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புக் கரையிற் குடியேற்றினான் என நூல்கள் கூறும். அதற்கு முன்னரே அக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பதும், முக்குவருடன் மணவுறவு கொண்டனர் என்பதும் மட்டக்களப்பின் மரபு. தாய்வழியாக வரும் குடிமுறை இன்றும் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படுதல் அம்மரபுக்கு அரண் செய்கின்றது. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினர். பத்தாண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். மேற்குக் கரையில் பெரும்பாலும் வணிகராயிருந்த மக்கட் கூட்டத்தாரின் வழிவந்தோர் கிழக்கில் நெல்விளைப்போராயினர். வலன்சியாவில் வயல் நின்றது, உழவர் நீங்கினர்; கீழைக்கரையிலோ நீக்கப்பட்டோர் வயலைக் கண்டடைந்தனர்.

இரண்டிடத்தும் விளைவு வேறுபட்டமைக்குக் காரணம் யாது? ஸ்பானிய மன்னன் வேற்றுச் சமயத்தாரைப் பகைவர் எனக் கண்டான். பௌத்தனாகிய செனரத் அவர்களைக் குடிகளாகக் கண்டான். அவனுக்கு அரசியல் நோக்கமும் இருந்திருக்கலாம். போர்த்துக்கேயரின் பகைவர் அவனுக்கு நண்பரே. எனினும் கீழைக்கரையின் தமிழர் ஊர்களுக்கு அயலில், அதே மொழி பேசி, அதே வாய்க்காலில் நீர் பங்கிட்டு மூன்று நூற்றாண்டுக்கு மேலாக அம்மக்கள் வாழ்ந்து வந்தமை மன்னன் ஆணையால் மட்டும் நிகழ்ந்ததன்று. அஃது அயலவரின் இசைவினாலும் நிகழ்ந்தது.

1609உம் 1626உம் பழங்கதை எனத் தள்ளத்தக்கவையல்ல. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு அதற்கெனத் தரப்பட்ட நேரம் சில மணிகளே. வெளியேற்றியோரும் தமிழ் பேசினர். வெளியேறியோரும் தமிழே பேசினர். பிலிப்பு மன்னரின் ஆணையைக் கொடிதென்று கற்பிக்கும் வகுப்பறை, தன் நாட்டில் தன் மொழியில் நிகழ்ந்ததனையும் அதே சொல்லால் அழைத்தல் வேண்டும். அங்ஙனம் அழையாவிடின் வரலாற்றுப் பாடம் மனனப் பாடமாகவே முடியும்.

ஒரு சட்டிச் சோற்றுள் இத்துணையும் அடங்கியுள்ளது. அரிசி கிழக்கினது, அதன் ஐரோப்பியப் பெயர் அரபியரது, சட்டி வலன்சியரது, போறணை என்னும் பெயர் இலத்தீனத்திற் பிறந்து போர்த்துக்கேயரின் கப்பலில் ஈழத்துக்கு வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் 1492இன் பின் அமெரிக்காவினின்றும் வந்தவை. பொருள்களும் பெயர்களும் தடையின்றி எல்லை கடந்தன. மனிதருக்கு மட்டுமே எல்லை வகுக்கப்பட்டது. கல்முனையில் ஒரு தாய் சம்பா அரிசியையும் கடலையையும் சட்டியில் இட்டு, மூடியின்மேல் தணலைப் பரப்பும்போது, ஷாத்திவாவிலிருந்து கப்பலேறிய உழவப் பெண்ணொருத்தி அறிந்த சோற்றுக்கு அண்மையதொன்றையே ஆக்குகின்றாள் எனலாம். அதனைச் சகனில் இட்டு, அயலவரையும் அழைத்து உண்பதே அச்சோற்றுக்கு ஏற்ற முறையாகும்.