கொழும்பின் நேரமும் கணினியின் ஏடும்



1996ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி, வரட்சியால் மின்சாரம் அரிதாகியிருந்த வேளையில், இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் எஞ்சிய அரைமணியும் நீங்கி, கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட பழைய நேரமே மீண்டது. வெள்ளவத்தை வீடுகளில் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினர். கணினிக்கு அது போதவில்லை.

விண்டோஸ் கணினி தன் அமைப்புகளை 'ரெஜிஸ்ட்ரி' என்னும் ஏட்டிற் குறித்துவைக்கும். அதில் நமது நேர வேறுபாடு −360 நிமிடம் என்றிருந்தது, −330 ஆக்கவேண்டியதாயிற்று. (கிழக்கில் உள்ளோருக்குக் கழித்தற்குறி இடுவது அவ்வேட்டின் விசித்திர வழக்கம்.) பல கணினிகள் உள்ள காரியாலயத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவது பெருந்தொல்லை. பழைய எண்ணை வாசித்துப் புதியதை எழுதும் ஸ்கிரிப்ட் எனும் சிறுநிரலோ அதனை விரைவில் முடித்துவிடும்.

ஆயினும் வரலாற்றில் நாட்டமுள்ளோரை இது உறுத்தவே செய்யும். அந்நாளைய ஏட்டில் ஒரு நேரவலயத்துக்கு ஒரே விதிதான். புதியது எழுதப்பட்டதும் பழையது மறைந்தது. 1998இல் கொழும்பிற் காலை பத்து மணிக்குச் சேமித்த கோப்பு, ஒன்பதரைக்குச் சேமித்ததாகக் காட்டலாயிற்று!

யுனிக்ஸ் வழிவந்த கணினிகளின் நேர அட்டவணை அப்படியன்று. 'ஏசியா/கொழும்பு' என்ற தலைப்பின்கீழ் 1942ஆம் ஆண்டின் போர்க்கால மாற்றங்களையும் அது விடாது வைத்திருக்கிறது. விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை என்ற பத்திரிகைச் செய்தியும் அதன் மூலக் கோப்பிற் காணப்படும். அது வெறும் குறிப்புரையாக நிற்பதால், கணினி அவ்வரிகளை வாசிப்பதில்லை.